அளவுப் புத்தகத்தின் முதல் பக்கம்

(அரசு ஒப்பந்தப் பணிகளை மேற்பார்வையிடப் புதிதாக வருவோருக்கான பயிற்சி குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொதுப்பணித் துறையின் எந்தப் பிரிவு அலுவலகத்துக்குப் போனாலும், இரும்பு பீரோவில் பூட்டிவைத்த ஒரு புத்தகம் இருக்கும். பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட எண் உண்டு. துறைக்காரர்கள் அதை எம்.புக் என்பார்கள், முழுப்பெயர் அளவுப் புத்தகம். அதில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது, எண்ணுக்கு மேல் எண்ணை ஏற்றி எழுதக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒரே கோடாக அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். கோடிக்கணக்கான ரூபாய் அரசுக் கருவூலத்தை விட்டு வெளியே போவது இந்தக் கட்டங்களுக்குள் விழும் எண்களை வைத்துத்தான்.

புதிதாக வேலைக்கு வரும் உதவிப் பொறியாளரின் கைக்கு இந்தப் புத்தகம் சீக்கிரமே வந்துவிடும். அதை எழுதும் பயிற்சி எப்போது வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரர்தான் வாத்தியார். "போன பில்லைப் பார்த்து அதே மாதிரி எழுதிடுங்க சார், ஒண்ணும் வராது" என்பதுதான் முதல் பாடம். ஒன்றும் வராமல் இருப்பதும் உண்டு. ஐந்து வருடம் கழித்துத் தணிக்கைக் குழு வந்து, "இந்த அளவை எந்தத் தேதியில், யார் முன்னிலையில் எடுத்தீர்கள்?" என்று கேட்கும்போது, போன பில்லைப் பார்த்து எழுதச் சொன்னவர் ஓய்வு பெற்றிருப்பார்.

பயிற்சியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இளநிலை உதவியாளராகச் சேர்வோர் பவானிசாகரில் உள்ள பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி பெறுகிறார்கள். பொறியாளர்களுக்குத் தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகளில் பொதுப்பணிக் கணக்குத் தேர்வு இருக்கிறது. அதில் தேறியவருக்கு விதி எண் தலைகீழாகத் தெரியும். ஆனால் காலை ஏழு மணிக்கு கான்கிரீட் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கும்போது எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எதை அன்றே எழுத வேண்டும் என்பதை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

இன்னொரு சாய்வும் இருக்கிறது. நம் கவனம் முழுவதும் ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளிலேயே குவிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைக்கென்று 1998-இல் தனிச் சட்டமே வந்தது. 2000-இல் விதிகள் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது வரை விதி சொல்கிறது. இவையெல்லாம் தேவையான காவல்கள். ஆனால் ஒப்பந்தப்புள்ளிக்கு முப்பது நாள் என்றால், அதன்பின் வரும் பணிக்கு மூன்று வருடம். விலை குறைவாகக் கேட்டவர் அந்த விலைக்கு உரிய வேலையைத்தான் செய்கிறாரா என்பது அந்த மூன்று வருடத்தில்தான் தெரியும். அந்தக் காலத்துக்கு உரிய ஆளைத் தயார்செய்வது பற்றியதுதான் இந்த உரை.

ஒன்றரைப் பக்க ஒப்பந்தம்

குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மேல் மன்னராட்சிக் காலத்துத் தொங்கு பாலம் ஒன்று இருந்தது. 2022 மார்ச்சில் நகராட்சி அதைப் பராமரித்து இயக்கும் பொறுப்பை 15 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பழுதுபார்ப்பு முடிந்து அக்டோபர் 26 அன்று பாலம் மறுபடி திறக்கப்பட்டது. நான்கே நாளில், அக்டோபர் 30 மாலை, அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள்.

வழக்கைத் தானாக எடுத்துக்கொண்ட குஜராத் உயர் நீதிமன்றம் கேட்ட கேள்விகள், ஒப்பந்த நிர்வாகம் கற்றுத்தரும் எந்த வகுப்பிலும் முதல் நாள் வாசிக்க வேண்டியவை. இவ்வளவு முக்கியமான பொறுப்பைத் தரும் ஒப்பந்தம் ஏன் வெறும் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது? ஏன் ஒப்பந்தப்புள்ளியே கோரப்படவில்லை? பின்னர் சிறப்புப் புலனாய்வுக் குழு, பாலத்தைத் தாங்கிய ஒரு கம்பிவடத்தின் 49 இழைகளில் 22 துருப்பிடித்திருந்ததையும், விபத்துக்கு முன்பே அவை அறுந்திருக்கக்கூடும் என்பதையும் குறிப்பிட்டது.

இதைப் பயிற்சியாளர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஊழல்" என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டால் புதியவர் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ஒன்றரைப் பக்க ஒப்பந்தத்தில் என்னென்ன இல்லை என்று பட்டியல் போடச் சொன்னால் வகுப்பு சூடுபிடிக்கும். பழுதுபார்த்ததை யார் சோதிப்பது? எந்தச் சான்று வந்தபின் பொதுமக்களை விடுவது? ஒரு நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம்? வடத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது, பார்த்ததை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? கேள்விகளை எழுதி முடிக்கும்போது பத்துப் பக்க ஒப்பந்தம் ஒன்று தானாகவே உருவாகியிருக்கும்.

கையெழுத்து யாருடையது?

சட்டம் என்றாலே பொறியாளர்கள் கொட்டாவி விடுவார்கள். கதையாகச் சொன்னால் விடமாட்டார்கள். ஒரே வருடத்தில், 1961-இல், உச்ச நீதிமன்றம் தீர்த்த இரண்டு வழக்குகள் இருக்கின்றன.

முதலாவது, பிக்ராஜ் ஜெய்ப்பூரியா வழக்கு. உலகப்போர்க் காலத்தில், 1943-இல், கிழக்கிந்திய ரயில்வேயின் கோட்டக் கண்காணிப்பாளர் ஒரு வணிகரிடம் உணவு தானியம் அனுப்பச் சொல்லி ஆணை கொடுத்தார். கொஞ்சம் வாங்கியபின் மீதியை ரயில்வே ஏற்க மறுத்தது. வணிகர் நட்டம் கேட்டு நீதிமன்றம் போனார். ஆணைகள் அன்றைய சட்டப்படி கவர்னர் ஜெனரலின் பெயரில் எழுதப்படவில்லை; ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று முடிந்தது. அதே விதிதான் இன்று அரசியலமைப்பின் 299-ஆம் உறுப்பாக இருக்கிறது. மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரால் செய்யப்பட்டு, அதற்கு அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மண்டல் வழக்கு. 1944-இல் வங்காளத்தின் ஆராம்பாக்கில் உணவு வழங்கல் துறைக்குக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்ததாரரிடம், அங்கே இருந்த அதிகாரிகள் "ஒரு மண்பாதை போட்டுக்கொடுங்கள், காவலருக்கு ஓர் அறை, ஒரு சமையலறை, அப்படியே சில கொட்டகைகள்" என்று கேட்டுக் கட்டச் செய்தார்கள். துறை எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டது. பணம் கேட்டபோது, முறையான ஒப்பந்தம் எங்கே என்றது. நீதிமன்றம், ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவைக் காட்டி, இலவசமாகச் செய்யாத வேலையின் பயனை அனுபவித்தவர் ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்றது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி போட்டால் போதும்: பள்ளிக் கட்டடம் கட்டும் இடத்தில் தலைமையாசிரியர் வந்து, "அப்படியே இந்தச் சுற்றுச்சுவரையும் இருபதடி நீட்டிவிடுங்கள்" என்கிறார். ஒப்பந்ததாரர் உதவிப் பொறியாளரின் முகத்தைப் பார்க்கிறார். அவர் தலையசைக்கலாமா? அசைத்தால் அது என்ன ஆகும், அசைக்காவிட்டால் அன்று மாலைக்குள் யாருக்கு என்ன எழுத வேண்டும்? கூடுதல் இனத்துக்கு விலை நிர்ணயிப்பவர் யார், ஒப்புதல் தரும் எல்லை எந்த அலுவலரிடம் இருக்கிறது? புதியவர் தன் ஒப்பந்தத்தைப் புரட்டி விடை தேடும் அந்தப் பத்து நிமிடம், இரண்டு மணி நேர விரிவுரையைவிட அதிகம் சொல்லித்தரும்.

0.12, 0.15

இப்போது எம்.புக்குக்குத் திரும்புவோம். ஒரு சின்ன அறைக்குக் கூரைத் தளம். நீளம் 6.00 மீட்டர், அகலம் 4.00, கனம் 0.12. பெருக்கினால் 2.88 கன மீட்டர். கனத்தின் கட்டத்தில் 0.12 என்பதற்குப் பதில் 0.15 என்று விழுந்தால் 3.60. ஒரே ஓர் எண் மாறியதில் முக்கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கான்கிரீட், அதாவது கால் பங்கு அதிகம், போடாமலே போட்டதாகிவிடும். இதில் திருட்டும் இருக்கலாம், தூக்கக் கலக்கமும் இருக்கலாம். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அதனால்தான் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிபார்ப்பு வைத்தார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் நெடுநாளைய நடைமுறையில், இளநிலைப் பொறியாளர் எடுத்த அளவுகளில் பாதியை உதவிப் பொறியாளரும், பத்தில் ஒரு பங்கைச் செயற்பொறியாளரும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். நம் ஊரில் 'செக் மெஷர்மென்ட்', 'சூப்பர் செக்' என்ற பெயர்களில் இதே ஏற்பாடு இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? மேலே உள்ளவர், கீழே உள்ளவர் எழுதிய எண்ணைப் பார்த்துக்கொண்டே டேப்பைப் பிடிக்கிறார். எண் தெரிந்தபின் பிடிக்கும் டேப் பெரும்பாலும் அந்த எண்ணையே காட்டும்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. புதியவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரே கட்டடத்தைத் தனித்தனியே அளக்கச் சொல்ல வேண்டும். ஓர் அணியின் தாள் மற்ற அணிக்குத் தெரியக் கூடாது. முடிந்தபின் இரண்டையும் பலகையில் எழுதினால், சன்னல் திறப்பைக் கழித்தவர் யார், கழிக்காதவர் யார், பூச்சுக்கு முன் அளந்தவர் யார், பின் அளந்தவர் யார் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். யாரும் பொய் சொல்லாமலே இவ்வளவு வித்தியாசம் வருகிறதே என்ற வியப்பு ஒருமுறை வந்துவிட்டால், அளக்கும் முறையை ஒப்பந்தத்தில் தேடிப் படிக்கும் பழக்கம் தானே வரும்.

மூடிப்போகும் வேலைகள் தனி ரகம். கடைக்காலின் ஆழம், கம்பியின் விட்டம், கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் எல்லாம் கான்கிரீட் விழுந்த மறுநிமிடம் மறைந்துவிடும். அவற்றை மூடுவதற்கு முன் அளந்து எழுதாவிட்டால், அப்புறம் எழுதுவது கற்பனை. கான்கிரீட்டின் வலுவும் அப்படியே. ஐ.எஸ். 456 விதித்தொகுப்பின்படி, ஒரு நாளில் 5 கன மீட்டர் வரை போட்டால் ஒரு மாதிரி, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று எடுக்க வேண்டும். ஒரு மாதிரி என்பது மூன்று கட்டைகள். ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் கனசதுரம். 28-ஆம் நாள் அவற்றை நசுக்கிப் பார்ப்பார்கள். புதியவர் அந்தக் கட்டையில் தேதியையும் இடத்தையும் தன் கையால் எழுத வேண்டும். யாரோ எங்கோ நன்றாகச் செய்துவைத்த கட்டை சோதனைக்கூடத்துக்குப் போவதைத் தடுக்க அந்த எழுத்து ஒரு காவல்.

தாமதம் யாருடையது?

அரசுப் பணி என்றால் தாமதம் என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் தாமதத்தைப் பங்குபிரிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இதற்கென்றே தடைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மழை, மின்கம்பம் அகற்றப்படவில்லை, வரைபடம் வரவில்லை, ஆள் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பல இடங்களில் இந்தப் பதிவேடு பணி முடிந்தபின், கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்படுகிறது. ஒரே நாளில் எழுதப்பட்டது என்பதை நிரூபிக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குச் சிரமமே இருக்காது.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் புதியவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதன் சாரம் தெரிந்தால் போதும். காலக்கெடு முக்கியம் என்று வகுத்த ஒப்பந்தத்தில், கெடு தாண்டி வந்த வேலையை வாங்கிக்கொள்ளும்போதே "தாமதத்துக்கு ஈடு கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று அறிவிக்காவிட்டால், பின்னால் கேட்க முடியாது. ஒரு பக்கக் கடிதம் அது. அந்த ஒரு பக்கத்தை உரிய நாளில் எழுதாததால் துறைகள் இழக்கும் வழக்குகளுக்குப் பஞ்சமில்லை.

எழுதினால் மட்டும் போதுமா? தில்லி வளர்ச்சி ஆணையத்தின் கதையைக் கேளுங்கள். 1982-இல் பிகாஜி காமா பிளேசில் ஒரு மனை ஏலம் போனது. 3.12 கோடிக்குக் கேட்டவர் 25 விழுக்காடு, அதாவது 78 லட்சம், முன்பணம் கட்டினார். மீதியைக் கட்டுவதில் இழுபறி. 1987-இல் ஆணையம் ஒதுக்கீட்டை ரத்து செய்து முன்பணத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனை பின்னர் 11.78 கோடிக்குப் போனது. 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது எளிய கேள்வி: உங்களுக்கு நட்டம் எங்கே? நட்டமே இல்லாத இடத்தில் ஈடு இல்லை. 78 லட்சத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றது. 'பறிமுதல்' என்ற சொல்லைக் கோப்பில் எழுதும் முன், 'நட்டம்' என்ற தலைப்பில் நான்கு வரி எழுத முடிகிறதா என்று பார்க்கும் பழக்கம் புதியவருக்கு வர வேண்டும்.

தாமதத்தின் மறுபக்கமும் உண்டு. ஒப்பந்ததாரருக்குப் பணம் தாமதமானால் வேலையும் தாமதமாகும். கொத்தனாருக்கு வாரக்கூலி தர முடியாதவர் அடுத்த திங்கட்கிழமை ஆளைக் கூட்டிவர முடியாது. இதை உணர்ந்துதான் மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிவுரைகளில், வேலை நடக்கும்போதே தரும் ரன்னிங் பில் வந்த 10 வேலைநாளுக்குள் தகுதியான தொகையில் 75 விழுக்காட்டையாவது கொடுத்துவிட வேண்டும், சரிபார்த்து மீதியை 28 வேலைநாளுக்குள் தர வேண்டும் என்றது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். பில் தன் மேசைக்கு வந்த தேதியையும் மேசையை விட்டுப் போன தேதியையும் எழுதிவைக்கும் எழுத்தர், தன் துறையின் செயல்திறனையும் சேர்த்தே அளக்கிறார்.

"பணி திருப்தி"

ஒப்பந்ததாரரை மதிப்பிடும் இடத்துக்கு வருவோம். முடிந்த பணிக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறார். கோப்பில் இரண்டே சொல்: "பணி திருப்தி". அந்தச் சான்றிதழை வைத்து அவர் அடுத்த மாவட்டத்தில் இன்னும் பெரிய பணியைக் கேட்கிறார். அங்கே தளம் ஒழுகினால், இங்கே 'திருப்தி' என்று எழுதியவரை யாரும் தேடி வரப்போவதில்லை.

இதற்கு நேர்மாறாக, கோபத்தில் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதும் நடக்கிறது. அதுவும் நிற்பதில்லை. விளக்கம் கேட்காமல் யாரையும் கறுப்புப் பட்டியலில் வைக்கக் கூடாது என்று 1974-லேயே எரூசியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் ஒரு படி மேலே போய், விளக்கம் கேட்கும் அறிவிப்பிலேயே "கறுப்புப் பட்டியலில் சேர்க்க உத்தேசித்திருக்கிறோம்" என்று தெளிவாகப் புலப்பட வேண்டும் என்றது. அப்படி அறிவிப்பு எழுத வேண்டுமானால் கையில் சம்பவங்கள் வேண்டும். தேதியும் இடமும் அளவும் கொண்ட சம்பவங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஏற்பாட்டைப் புதியவர்களுக்குக் காட்டலாம். அங்கே ஒப்பந்ததாரரின் தரம், காலம், செலவுக் கட்டுப்பாடு, மேலாண்மை ஆகியவற்றைத் தனித்தனியே ஐந்து படிகளில் மதிப்பிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத வேண்டும். பணி முடிந்ததும் எழுத வேண்டும். 'திருப்தி'க்கு மேல் ஒரு படி ஏற்றினால், ஒப்பந்தம் கேட்டதைவிடக் கூடுதலாக அரசுக்கு என்ன நன்மை கிடைத்தது என்று சொல்லியாக வேண்டும். இறக்கினால், என்ன பிரச்சினை, அதை ஒப்பந்ததாரருக்கு எப்போது தெரிவித்தோம் என்று சொல்ல வேண்டும். வரைவைப் பார்த்து மறுப்பு எழுத ஒப்பந்ததாரருக்கு 14 நாள். கருத்து வேறுபட்டால் ஒரு படி மேலுள்ள அலுவலர் பார்க்கிறார். மறுப்பும் மதிப்பீட்டோடு சேர்ந்தே கோப்பில் இருக்கும். அடுத்து அவருக்கு வேலை தர நினைக்கும் அலுவலகம் இரண்டையும் படிக்கும்.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. ஆனால் எழுதும் விதத்தைக் கற்றுத்தர முடியும். பயிற்சி வகுப்பில் ஒரு மாதிரிக் குறிப்பை இப்படி எழுதிக் காட்டலாம்: "கடைக்கால் வேலை 12 நாள் தாமதம். இதில் 7 நாள் இடத்தை ஒப்படைப்பதில் துறையின் தாமதம். மீதி 5 நாள் கம்பி வராததால். இதுபற்றி இரண்டாம் நாளே கடிதம் தரப்பட்டது. மூன்று கான்கிரீட் மாதிரிகளும் தேறின. வடக்குச் சுவரின் பூச்சு ஒருமுறை உடைத்து மறுபடி பூசப்பட்டது. செலவை ஒப்பந்ததாரர் ஏற்றார்." ஏழு வரிதான். படிப்பவருக்கு அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுகிறது. உடைத்துப் பூசச் சொன்னதும் சண்டை போடாமல் பூசினார் என்பது, குறைசொல்லும் வரிக்குள்ளேயே இருக்கும் ஒரு பாராட்டு. இந்த ஏழு வரியை எழுத நினைவாற்றல் எதுவும் வேண்டாம், எம்.புக், பணியிடத்தில் தரும் உத்தரவுகளை எழுதும் தளக் கட்டளைப் புத்தகம், தடைப் பதிவேடு ஆகிய மூன்றும் அன்றன்று எழுதப்பட்டிருந்தால் போதும்.

பெயர் தெரியாத மாத்திரை

மதிப்பீட்டை ஆளின் மனத்திடத்துக்கு விட்டுவிடாமல், ஏற்பாட்டுக்குள்ளேயே புதைத்துவைத்த உதாரணம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குகிறது. மாவட்டக் கிடங்குக்கு வந்த மருந்து உடனே மருத்துவமனைக்குப் போய்விடாது. தொகுதிவாரியாக மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சோதிப்பவருக்கு அது யாருடைய மாத்திரை என்று தெரியாது. தேறிய பிறகுதான் வினியோகம். தரம் தவறினால், தாமதமானால் என்ன தண்டம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். மருத்துவமனைகள் தங்களுக்கு ஒதுக்கிய தொகைக்குள் மருந்து எடுக்க பாஸ்புக் வைத்திருக்கின்றன. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன.

கட்டடத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது. ஆனால் கான்கிரீட் கட்டைக்கு ஒப்பந்ததாரர் பெயருக்குப் பதில் குறியீடு போட முடியும். செக் மெஷர்மென்ட்டுக்குப் போகிறவருக்கு எம்.புக்கைக் காட்டாமல் வெறும் வரைபடத்தை மட்டும் கொடுத்து அளக்கச் சொல்ல முடியும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு செயற்பொறியாளர் நினைத்தால் வரும் திங்கட்கிழமை தொடங்கலாம்.

துப்புரவு, காவல் போன்ற சேவை ஒப்பந்தங்களில் அளப்பது இன்னும் சிக்கல். அரசு மருத்துவமனையில் துப்புரவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையெண்ணிப் பணம் கொடுத்தால், வருகைப் பதிவேடு சுத்தமாக இருக்கும், வார்டு இருக்காது. எத்தனை மணிக்கு எந்தக் கழிவறை கழுவப்பட்டது, கதவில் மாட்டிய அட்டையில் செவிலியர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் படம் மாறும். கூடவே கூலியையும் பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரர் தொழிலாளிக்குக் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே வங்கியில் கூலி ஏறியதற்கும் வருங்கால வைப்புநிதி கட்டியதற்கும் சான்று பார்த்துவிட்டே அடுத்த பில்லைத் தொட வேண்டும்.

ஐந்து நாள்

இவ்வளவையும் கற்றுத்தர எவ்வளவு நாள் வேண்டும்? ஐந்து நாள் ஒதுக்கினாலே நல்ல தொடக்கம் கிடைக்கும். ஆனால் அதில் மூன்று நாள் கூரைக்கு வெளியே கழிய வேண்டும். முதல் நாள், முடிந்துபோன ஒரு பணியின் ஒப்பந்தத்தைக் கொடுத்து, யார் எதை எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்று சுவரில் ஒட்டும் அட்டவணை தயாரிப்பது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நடந்துகொண்டிருக்கும் பணியிடத்தில். டேப், ஸ்லம்ப் கூம்பு, கட்டை அச்சு, எம்.புக். நான்காம் நாள் பில்: அளவிலிருந்து தொகை, தொகையிலிருந்து பிடித்தங்கள். வருமான வரிப் பிடித்தம், ஜி.எஸ்.டி. பிடித்தம், கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கான 1 விழுக்காடு வரி, நிறுத்திவைக்கும் தொகை எல்லாம் போய்க் கடைசியில் ஒப்பந்ததாரர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் புதியவர் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தால், அவர் ஏன் வாரம் இருமுறை அலுவலகப் படியேறுகிறார் என்பது புரியும்.

நான்காம் நாள் மாலைக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. ஒப்பந்ததாரரோடு எப்படிப் பழகுவது? அவர் வாங்கித்தரும் டீயை மறுக்கலாமா? தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வந்தால்? வண்டி இல்லாத நாளில் அவருடைய காரில் பணியிடத்துக்குப் போகலாமா? இவற்றுக்கு நடத்தை விதிகளில் விடை இருக்கிறது. ஆனால் மூத்த அலுவலர் ஒருவர் உட்கார்ந்து, தான் எங்கே சறுக்கினோம், எங்கே தப்பினோம் என்று மனம்விட்டுப் பேசும் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் விடை வேறு. புதியவருக்கு வேண்டியது இரண்டாவது. அளவை எழுதும் நாளில் கடன்படாமல் இருப்பது எப்படி என்பதை யாராவது அவருக்குச் சத்தமாகச் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாம் நாள், முன்பே முடிந்த ஒரு பள்ளிக் கட்டடத்தின் கோப்பு. ஒப்பந்ததாரரின் பெயரை மறைத்துவிட்டு, எம்.புக்கையும் பதிவேடுகளையும் மட்டும் கொடுத்து, "இவருக்கு மதிப்பீடு எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். சிலர் அரை மணியில் முடிப்பார்கள். சிலர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார்கள்: "சார், அக்டோபர்ல ஆறு வாரம் ஒண்ணுமே எழுதலையே, அப்போ வேலை நடந்துதா, நின்னுதா?" அப்படிக் கேட்டவர் எதைத் தேட வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிட்டார். பிறகு எல்லோரையும் அந்தப் பள்ளிக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். காகிதத்தில் எழுதிய மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூரையின் ஓரத்தில் ஈரம் படிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று ஒப்பந்தத்தைப் புரட்டட்டும்.

அந்தக் காலம் முடியும் முன் பெரும்பாலும் ஒரு மாறுதல் உத்தரவு வந்துவிடும். பணியைத் தொடங்கிய பொறியாளர் வேறு ஊருக்குப் போவார், இன்னொருவர் வருவார். அன்று பீரோ திறக்கப்படும். புத்தகங்களை எண்ணி, எண்களைச் சரிபார்த்து, எழுதப்பட்ட கடைசிப் பக்கத்தைத் திருப்புவார்கள். எழுதாத இடத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். அதன் கீழே இரண்டு கையெழுத்து விழும்: ஒப்படைத்தேன், பெற்றுக்கொண்டேன். வந்தவர் அன்று மாலையே டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போய்வருகிறாரா என்று பயிற்சி கொடுத்தவர் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.